இடப்பக்கம்

கடலுக்கு விடுமுறை விட்டிருந்த ஜூலை.
வலைகளெல்லாம் பாவுச்சா தக்காவில் சுருண்டு கிடக்க
சீத்தா கேம்ப் கல்லியில்
எங்கள் ஆம்னி மட்டும்
பின்கால் ஒன்றை மடக்கிக்கொண்டு
சாக்கடையோரம் குந்தியிருந்தது.

"ரெண்டு மணி நேர வேலை" என்றார் மசூது.
அவருடைய ரெண்டு மணி நேரம்
எனக்குப் பதினாறு வருடப் பழக்கம்.
ராத்திரிக்கும் சேர்த்தே சோறு வடித்துவிட்டேன்.

கமான் பட்டை குர்லாவிலிருந்து
பழைய லுங்கிக்குள் சுருட்டிக்கொண்டு
பஸ்ஸில் என் மடியில் வந்தது.
என்ன அது என்றார் கண்டக்டர்.
வண்டியோட காலு என்றேன்.
ஒரு கால் வாங்கத்தான் காசிருந்தது.

ஜாக்கியில் தூக்கி,
கழற்றிய சக்கரத்தையே அடியில் தள்ளிவைத்தோம்,
விழுந்தால் அதன்மேல் விழட்டும் என்று.
அவர் தோள் உள்ளே நுழையவில்லை.
நைட்டிக்கு மேல் அவர் சட்டையை மாட்டி
நான் போனேன்.

உள்ளே துரு,
செதில் செதிலாக.
செதில் எடுப்பதா எனக்குப் புதிது?
மீன்கத்தியையே கேட்டு வாங்கினேன்,
வாலிலிருந்து தலைக்குச் சுரண்டினேன்.
அடியில் நல்ல இரும்பு இருக்கும் என்று பார்த்தால்
அடியிலும் செதில்.

வலப்பக்கக் கதவு என்றைக்கோ சிக்கிக்கொண்டது.
பதினொரு வருடம்
பெட்டிகளை இடப்பக்கமே அடுக்கினோம்.
ஐஸ் உருகி, உப்பும் ரத்தமுமாகி,
தரைத்தகரத்தின் ஓட்டை வழியே
இதன் தலையில்தான் சொட்டியிருக்கிறது.
ஜைத்தூனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய தண்ணீர்.
வாடகை கொடுத்த தண்ணீர்.
திட்டவும் முடியவில்லை.

யு-போல்ட் நட்டு நான்கில்
இரண்டு சுழன்று வந்தன,
ஒன்று தலை தெறித்தது,
இன்னொன்றை ரம்பத்தால் அறுத்தோம்.
முன்பக்கத்து நீள போல்ட் மட்டும்
புஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
நேற்றே டீசலில் ஊறவைத்ததுதான்.

கல்லியில் போகிறவர்கள் எல்லாரும் மெக்கானிக்.
சூடு காட்டு என்றார் டீக்கடைக்காரர்.
சுத்தியலால் போடு என்றது பால் சைக்கிள்.
ஒரு பையன் குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனான்.

பானாவில் தண்ணீர்க் குழாயைச் சொருகி
அவர் மேலிருந்து அழுத்த,
நான் கீழிருந்து, "இடமா வலமா?"
"இடம்!"
"யாருக்கு இடம்?"
மல்லாந்து படுத்தவளுக்கு
எந்தப் பக்கம் எந்தப் பக்கம்?
அரை மணி நேரம்
இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மழை வந்தது.
நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.
என் கண்ணில் ஒரு செதில் விழுந்தது.
கை முழுக்கக் கிரீஸ் அவருக்கு.
துண்டின் நுனியைப் பல்லால் கவ்வி எடுத்து,
பந்தாய்ச் சுருட்டி, வாயால் ஊதி,
அந்தச் சூட்டில் ஒத்தினார்.
மறுபடி குழாயைப் பிடித்தார்,
இந்தத் தடவை கேட்டுவிட்டு.

படார் என்றது.
உடைந்தது என்று இரண்டு பேரும் கண்ணை மூடினோம்.
கழன்றிருந்தது.

புதுப் பட்டை ஏறியபோது ராத்திரி பதினொன்று.
சக்கரத்தை மாட்டி இறக்கினால்
வண்டி இடப்பக்கம் நிமிர்ந்து
வலப்பக்கம் சாய்ந்து நின்றது,
யாரோ ரகசியம் சொல்வதைக்
காது கொடுத்துக் கேட்பதுபோல.
அடுத்த சீசனில் அது என்றார் மசூது.

ஆகஸ்டில் கடல் திறந்து
முதல் நாள் சரக்கோடு திரும்பினோம். விடியவில்லை.
முன்பெல்லாம்
இடச்சக்கரம் கல்லிமுனைக் குழியில் இறங்கும்போதே
கிறீச் என்று ஊரைக் கூட்டும்.
அதைக் கேட்டுத்தான் ஜைத்தூன் எழுந்து
டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.
இன்று குழி சத்தமில்லாமல் போனது.
கதவு சாத்தியிருந்தது.
மேலே இருட்டு.

ஹாரன் அடித்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை.
போன் என் முந்தானை முடிச்சில், சார்ஜ் செத்து.

மசூது வண்டியைச் சுற்றிப் போனார்.
மாற்றாத வலப்பக்கத்தில்
இரண்டு கையையும் ஊன்றி
ஒரு அழுத்து அழுத்தினார்.

கிறீச்.

மேலே விளக்கு எரிந்தது.